ரெண்டு டிராக்டரை ஒரே லாரியில் ஏத்த என்ன வண்டி, எத்தனை அடி பாடி, எப்படிப்பட்ட ராம்ப்?

கோபி_உழவு

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையத்துல இருந்து வாடகை உழவுக்கு வெளியூர் போற வேலைக்கு ஒரு வண்டி பார்க்கிறோம். கொண்டுபோக வேண்டியது இதுதானுங்க: 45 ஹெச்.பி. டூ வீல் டிரைவ் ஒண்ணு, 55 ஹெச்.பி. ஃபோர் வீல் டிரைவ் ஒண்ணு, ஆறடி ரொட்டவேட்டர் (சுழல் கலப்பை) ரெண்டு, கேஜ் வீல் (சேத்துழவுக்கு மாட்டுற இரும்புச் சக்கரம்) ரெண்டு ஜோடி. பிடிப்புக்காக பின் டயர் நாலுலயும் தண்ணி இருக்குது. மேட்டூர் திறந்ததும் டெல்டா பக்கம் சேத்துழவு, மத்த மாசத்துல திம்பம் மலைப்பாதை ஏறி சாம்ராஜ்நகர் பக்கம் புழுதி உழவு.

டாடா 407 லாரி போதும்னு ஒருத்தர் சொல்றார். 7.49 டன் வண்டின்னு இன்னொருத்தர். பெரிய வண்டி எடுத்து ரெண்டையும் ஒரே நடையில கொண்டுபோறதுதான் டீசல் மிச்சம்னு வேற ஒரு பேச்சு. ஒரு டிராக்டர் பின்னாடி டிரெய்லர் மாட்டி அதுல இன்னொரு டிராக்டரை ஏத்திக்கலாமான்னும் யோசனை இருக்குது. லோ பெட் (தளம் தாழ்ந்த நீள) டிரெய்லர் செகண்ட் ஹேண்டில் வருது. எது சரி, பாடி எத்தனை அடி, ராம்ப் எந்தக் கனத்துல அடிக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எடைமேடை

வண்டி பேரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் எடையைப் போடுங்கள். டிராக்டர் கம்பெனி விளம்பரத் தாளில் இருக்கும் எடை தண்ணீர் இல்லாத எடை. பெரும்பாலான கணக்கு அங்கேதான் தவறுகிறது.

45 ஹெச்.பி. டிராக்டர் சுமார் 2.05 டன். 13.6-28 டயர் இரண்டிலும் முக்கால்வாசி தண்ணீர் என்றால் ஏறக்குறைய 350 கிலோ கூடும். ஆக 2.4 டன். 55 ஹெச்.பி. ஃபோர் வீல் டிரைவ் சுமார் 2.35 டன், 16.9-28 டயரில் தண்ணீர் 500 கிலோவை ஒட்டி வரும். ஆக 2.85 டன். இரண்டும் சேர்ந்து 5.25 டன். ஆறடி ரொட்டவேட்டர் ஒன்று 450 கிலோ என்றால் இரண்டுக்கு 900. கேஜ் வீல் ஒன்றுக்கு 90 கிலோ என்று வைத்தால் நாலுக்கு 360. ஒரு பேரல் டீசல் பேரலோடு 180. ஆள், கருவிப்பெட்டி, சமையல் சாமான் 300. மொத்தம் 7 டன் தொட்டுவிட்டது. ராம்ப் இன்னும் சேர்க்கவில்லை.

இப்போது வண்டியைப் பாருங்கள். 407 கோல்டின் மொத்த எடை, அதாவது வண்டியும் சுமையும் சேர்ந்த வரம்பு, 4,450 கிலோ. அதில் ஏற்ற முடிவது 2.2 டன் சுற்றித்தான். உங்கள் ஃபோர் வீல் டிரைவ் தண்ணீர் இல்லாமலே அதைத் தாண்டுகிறது. ஊர்ப்பக்கம் 407-ல் டிராக்டர் போவதைப் பார்க்கிறோம் என்பது உண்மை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, அதோடு மிகுதி எடையை அங்கேயே இறக்கச் சொல்வார்கள். டிராக்டரில் பாதியை எப்படி இறக்குவது?

7.49 டன் வகுப்பு வண்டி பாடியோடு 3.4 டன் வரும். ஏற்ற முடிவது சுமார் 4 டன். அதில் ஒரு ஃபோர் வீல் டிரைவ், ஒரு ரொட்டவேட்டர், ஒரு ஜோடி கேஜ் வீல், ராம்ப், ஆட்கள் எல்லாம் சேர்த்து 3.85 டன்னில் அடங்கும். ஒரு டிராக்டர் மட்டும் என்றால் இது சரியான வண்டி.

இரண்டையும் ஒரே நடையில் கொண்டுபோக 12 டன் வகுப்புக்குப் போக வேண்டும். பாடி கட்டிய பிறகு காலி எடை 5.2 டன் என்று வைத்தால் ஏற்ற முடிவது சுமார் 6.7 டன். எல்லாவற்றையும் அதிலேயே அடுக்கினால் அதுவும் மீறும். ரொட்டவேட்டர், கேஜ் வீல், டீசல் பேரலைத் தனியாக ஒரு 1.7 டன் பிக்கப்பில் அனுப்பினால் அதற்கு 1.45 டன் சுமை, லாரிக்கு ராம்ப், செயின் சேர்த்து 5.9 டன் சுமை. இரண்டும் அளவுக்குள் நிற்கும். வேலை நடக்கும் இடத்தில் டீசல், ஸ்பேர் வாங்கி வர எப்படியும் ஒரு சின்ன வண்டி வேண்டியிருக்கும்.

தண்ணீரை இறக்கிவிட்டால் 850 கிலோ குறையும்தான். ஆனால் போன இடத்தில் நாலு டயருக்கும் திரும்ப ஏற்ற அரை நாள் போய்விடும், சேற்றுழவு நேரத்தில் அது கட்டுப்படியாகாது.

நாமக்கல்_பாடி

மேல எடை கணக்கு போட்டவர் சொன்னது சரி. நான் நீளத்தையும் ராம்ப்பையும் சொல்றேன்.

இந்த அளவு டிராக்டர் லோயர் லிங்க்கை (பின்னாடி கருவி மாட்டுற கை) தூக்கி வச்சா 3.4-ல இருந்து 3.6 மீட்டர். ரெண்டு டிராக்டர், நடுவுல ஒரு சாண் இடைவெளி விட்டா 7.2 மீட்டர். அப்போ 24 அடி பாடி, அதாவது 7.3 மீட்டர். ரொட்டவேட்டரோட ஏத்தினா ஒவ்வொண்ணுக்கும் முக்கால் மீட்டருக்கு மேல கூடும். ரெண்டுக்கும் சேர்த்து 30 அடி பாடி வேணும். அதனாலயும் ரொட்டவேட்டர் தனியா வர்றதுதான் நல்லது.

24 அடி பாடியை எந்த சேஸ்ல வேணும்னாலும் போட முடியாது. பின் ஆக்சிலுக்குப் பின்னாடி நீளுற பாகம் வீல்பேஸில் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம்) 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாடியோட முன் தலை, முன் ஆக்சில் மையத்துல இருந்து 90 செ.மீ. பின்னாடி ஆரம்பிக்குதுன்னு வைங்க. 0.9 கூட்டல் 7.3, மொத்தம் 8.2 மீட்டர். அதை 1.6-ஆல வகுத்தா 5.125 வருது. ஆக 5.2 மீட்டர் வீல்பேஸுக்குக் குறைஞ்ச சேஸ்ல 24 அடி போட்டா எஃப்.சி.யில் (வண்டித் தகுதிச் சோதனை) தேறாது. சில பேர் வெல்டிங் வச்சு சேஸை நீட்டித் தர்றோம்னு சொல்வாங்க. ஒத்துக்காதீங்க. அது சட்டப்படியும் தப்பு, வெல்டிங் ஓரத்துல விரிசலும் கட்டாயம் வரும்.

ஃப்ளோர் முழுக்க 5 மி.மீ. செக்கர் பிளேட் போட்டா 680 கிலோ சுமைதான் கூடும். டிராக்டர் டயர் ஓடுற ரெண்டு தடத்துக்கு மட்டும் 60 செ.மீ. அகலத்துல போடுங்க, மிச்ச இடத்துக்கு மரப்பலகை. தகட்டுல 300 கிலோவுக்கு மேல மிச்சமாகும், பலகையோட எடை போக மீதி உங்களுக்கு ஏத்துற எடையா திரும்பக் கிடைக்கும். தடம் 60 செ.மீ. இருந்தா டூ வீல் டிரைவோட ஒல்லி முன் டயரும் அதுக்குள்ளயே ஓடும்.

ராம்ப்தான் முக்கியம். பாடி தரையில இருந்து 1.15 மீட்டர் உயரத்துல இருக்கும். 10 அடி ராம்ப் போட்டா சாய்வு 22 டிகிரி. அது ஆபத்து. 12 அடி, அதாவது 3.6 மீட்டர் போட்டா 18.6 டிகிரி. ராம்ப் அடி நிக்கிற இடத்துல ஒரு அடி மண்மேடு இருந்தா 14 டிகிரிக்கு இறங்கிடும். 15-க்குள்ள நின்னா டிராக்டர் பதறாம ஏறும்.

கனம்: பின் ஆக்சிலோட ஒரு பக்கம் ஒரு டன்னுக்கு மேல ராம்ப் நடுவுல வந்து நிக்கும். ஒரு ராம்ப்புக்கு ரெண்டு 75 மி.மீ. சி-சேனல் வச்சா 3 மீட்டர் நீளத்துக்கே இரும்பு தன் எல்லைக்குப் பக்கத்துல வேலை செய்யும். கிளட்ச் ஒரு தடவை உதறினா போதும், நிரந்தரமா வளைஞ்சிடும். 3 மீட்டருக்கு 100 சேனல் தாங்கும். 3.6 மீட்டருக்கு 125 சேனல் போடுங்க. ராம்ப் அகலம் 50 செ.மீ. இருக்கட்டும், 16.9 டயரே 43 செ.மீ. வரும். குறுக்குக்கு 40×40×5 ஆங்கிளை, கூர் மேல பார்க்கிற மாதிரி, 15 செ.மீ.க்கு ஒண்ணு வெல்டு பண்ணுங்க. ராம்ப்ல தகடு மூடவே கூடாது. சேறு ஒட்டின டயர் தகட்டு மேல வழுக்கும். கம்பி இடைவெளியில சேறு கீழ விழுந்துடும்.

இப்படி அடிச்சா ஒரு ராம்ப் 130 கிலோ. கையால தூக்குற கதை இல்லை. பாடியோட வால் குறுக்குக் குழாயில கீல் வச்சு, ஒரு கை வின்ச்சால தூக்கி நிமிர்த்தி நிறுத்துற மாதிரி செஞ்சுக்கங்க. கீல் இல்லாத கழட்டுற ராம்ப்னா மேல் கொக்கியோட பின் கட்டாயம், பின் மேல ஒரு செயினும் வேணும். டயர் ராம்ப்பைப் பின்னுக்கு உதைச்சுக்கிட்டேதான் மேல ஏறும், கொக்கி மட்டும் இருந்தா கழண்டு விழும்.

மன்னார்குடி_சேறு

அண்ணே, லோ பெட்டை மறந்துடுங்க. டெல்டாவுல மெயின் ரோட்டுல இருந்து வயலுக்கு இறங்குற கடைசி ரெண்டு கிலோமீட்டர்தான் வண்டியைத் தீர்மானிக்கும். வாய்க்காலுக்கு மேல இருக்கிற மதகுப் பாலமெல்லாம் நடுவுல மேடா இருக்கும். லோ பெட்டோட வயிறு அதுல உக்காந்துடும். 40 அடி டிரெய்லர் திரும்ப ஒரு ஊர்லயும் இடம் கிடையாது. அஞ்சாறு டிராக்டரை ஒரே இடத்துல மெயின் ரோட்டோரமா இறக்குறவங்களுக்கு அது சரி. உங்களுக்கு ரிஜிட் லாரிதான்.

12 டன் வண்டியும் படுகை ரோட்டுல ஓரம் இறங்கக் கூடாது. தார் ஓரத்துக்கு வெளியில பார்க்க மண் கெட்டியா இருக்கும், உள்ள ஈரம். பின் இரட்டை டயர்ல வெளி டயர் மட்டும் இறங்கிச்சுன்னா, மேல டிராக்டரோட வண்டி வாய்க்கால் பக்கம் சாயும். லாரி தரையே 1.15 மீட்டர், அதுக்கு மேல டிராக்டரோட எடை மையம் இன்னும் முக்கால் மீட்டருக்கு மேல. மெயின் ரோட்டுலயே இறக்கி டிராக்டரை ஓட்டிக்கிட்டுப் போறது பாதுகாப்பு.

ஏத்துற முறை பத்தி யாரும் சொல்லலை. டிராக்டரை ரிவர்ஸ்ல ஏத்துங்க, முன்னோக்கி இறக்குங்க. காரணம் இருக்கு. டிராக்டரோட எடையில அறுபது சதவீதத்துக்கு மேல பின் ஆக்சில்ல. முன்னோக்கி ஏறும்போது சரிவுல எடை இன்னும் பின்னாடி போகும், பின் சக்கரத்தோட முறுக்கு முன் பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். அந்த நேரத்துல கிளட்சை வெடுக்குன்னு விட்டா மூஞ்சி தூக்கி மல்லாந்துடும். ரொட்டவேட்டர் மாட்டியிருந்தா இன்னும் மோசம். ரிவர்ஸ்ல ஏறும்போது கனமான பக்கம் மேட்டுல இருக்கும், முறுக்கு முன் சக்கரத்தைத் தரையோட அமுக்கும்.

லோ ரேஞ்சுல ரிவர்ஸ் கியர், ரெண்டு பிரேக் பெடலையும் தாழ்ப்பாள் போட்டு இணைக்கணும், டிஃபரன்ஷியல் லாக்கை (ரெண்டு பின் சக்கரத்தையும் ஒண்ணா சுத்த வைக்கிறது) ஏறத் தொடங்குறதுக்கு முன்னாடியே போடணும். பாதி ராம்ப்புல கியர் மாத்துறது, கிளட்ச் மிதிக்கிறது ரெண்டும் கூடாது. கிளட்ச் மிதிச்சா என்ஜின் பிடி போயிடும், டிராக்டர் உருளும். சீட்டுல ஓட்டுறவர் ஒருத்தர் மட்டும். வழி சொல்றவர் லாரிக்கு மேல, பக்கவாட்டுல, ஓட்டுறவர் கண்ணுல படுற இடத்துல நிக்கணும். ராம்ப்புக்கு நேர் கீழ யாரும் நிக்கக் கூடாது.

அதுக்கு முன்னாடி லாரி வாலுக்கு முட்டு குடுங்க. இது இல்லாம ஏத்துறவங்கதான் நிறைய. டிராக்டர் வால்மேல வந்ததும் பின் ஸ்பிரிங் பட்டை அமுங்கி பாடி கீழ இறங்கும், லாரியோட முன் பக்கம் லேசாகும், ராம்ப் மேல் முனை நகரும். சேஸ் ரெண்டு பக்கமும் வால் முனைக்குக் கீழ ரெயில்வே கட்டை அடுக்கியோ ஜாக்கி ஸ்டாண்டு வச்சோ தாங்குங்க. ஏத்தி முடிச்சதும் அதை எடுக்க மறந்துட்டு வண்டியை நகர்த்துனா வால் குறுக்குக் குழாய் நெளியும், அதனால முட்டு எடுத்தாச்சான்னு பார்க்கிற வேலையை ஒரே ஆள்கிட்ட விடுங்க.

சேத்துழவு முடிஞ்சு திரும்பும்போது டயரைக் கழுவாம ராம்ப்புல ஏத்தாதீங்க. வாய்க்கால் தண்ணி பக்கத்துலதான் இருக்கும்.

கோபி_உழவு

ரொம்ப நன்றிங்க. 12 டன் வண்டி, 24 அடி, கூட ஒரு பிக்கப், இது மனசுக்குப் படுது. இன்னும் மூணு சந்தேகமுங்க. ஒண்ணு, ரெண்டு டிராக்டர்ல எது முன்னாடி, எது பின்னாடி? ரெண்டு, கட்டுறதுக்கு பெல்ட்டா செயினா? மூணு, திம்பத்துல 24 அடி வண்டி திரும்புமா? டிரெய்லர் யோசனையைப் பத்தியும் யாராவது சொல்லுங்க.

எடைமேடை

கனமான ஃபோர் வீல் டிரைவ் கேபின் பக்கம். இரண்டுமே பின்புறம் கேபினைப் பார்த்தபடி, அதாவது ரிவர்ஸில் ஏற்றியபடி. 5.2 மீட்டர் வீல்பேஸில் முன்னால் நிற்கும் 2.85 டன் டிராக்டரின் எடை மையம் முன் ஆக்சிலிலிருந்து 2.6 மீட்டரில் விழும். அதில் பாதி, 1.43 டன், முன் ஆக்சிலுக்குப் போகும். இரண்டாவது டிராக்டரின் மையம் பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் விழுவதால் அது முன் ஆக்சிலிலிருந்து 460 கிலோவைத் தூக்கும். மொத்தத்தில் முன்னால் 970 கிலோ கூடுகிறது, பின்னால் 4.3 டன். நல்ல பங்கீடு. இரண்டையும் கேபினை நோக்கி ஏற்றினால் முன் ஆக்சிலுக்கு இன்னும் 270 கிலோ குறைவாகக் கிடைக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. முன்னால் இருப்பதை ஒரு ஊரில் விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதை மட்டும் அதே இடத்தில் வைத்து அடுத்த ஊருக்கு ஓட்டக் கூடாது. காலி வண்டியில் இருப்பதைவிட முன் ஆக்சில் லேசாகும், ஏற்றத்தில் ஸ்டியரிங் பிடிக்காது. ஒன்று மட்டும் ஏற்றினால் எப்போதும் கேபினை ஒட்டி.

முதல் முறை ஏற்றியதும் எடைமேடைக்கு ஓட்டிப்போய் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை, பின் சக்கரங்களுக்கு ஒரு எடை எடுங்கள். மூன்று சீட்டுக்கு ஆகும் செலவு சிறியது. ஆக்சில் எடை தெரிந்துவிட்டால் டிராக்டர் நிற்க வேண்டிய இடத்தை ஃப்ளோரில் பெயின்ட் அடித்து வைத்துவிடலாம், அடுத்த முறை யோசிக்க வேண்டியதில்லை.

டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரில் டிராக்டர் என்பதை விட்டுவிடுங்கள். நம் ஊர் இரண்டு சக்கர டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. 2.85 டன்னும் டிரெய்லரின் எடையும் சேர்ந்து முன்னால் இழுக்கும் டிராக்டரின் எடையை மிஞ்சும். இறக்கத்தில் பிரேக் மிதித்தால் பின்னால் இருப்பது தள்ளி, முன்னால் இருப்பதைப் பக்கவாட்டில் மடக்கிவிடும். சுமை டிரெய்லரின் பின்பக்கம் சற்றுத் தள்ளியிருந்தாலும் கொக்கி மேலே தூக்கப்பட்டு, இழுக்கும் டிராக்டரின் பின் சக்கரத்துக்குப் பிடிப்பு போய்விடும். வெளிநாட்டு வீடியோக்களில் பிக்கப்புக்குப் பின்னால் டிராக்டர் போகிறதே என்றால், அந்த டிரெய்லருக்கு எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது, இழுக்கும் வண்டிக்கு இழுவை எடை என்று தனி அளவு கொடுத்திருக்கிறார்கள். இங்கே வரும் பிக்கப் ஆர்.சி.யில் அப்படி ஓர் அளவே இல்லை.

செயின்_கட்டு

கட்டுறதுக்கு வர்றேன். 8 மி.மீ. கிரேடு 80 செயின் நேர் இழுவையில 4 டன் தாங்கும். 50 மி.மீ. ரேட்செட் பெல்ட் 2.5 டன். புது பெல்ட்டா இருந்தா கணக்குக்கு அதுவும் போதும். ஆனா டிராபார் (பின் இழுவைக் கட்டை) ஓரத்துலயும் ஆக்சில் பிராக்கெட் கூர்லயும் உரசி ஒரு இழை அறுந்தாலே அதோட பலம் போச்சு. வெயில்ல கிடந்து வெளுத்த பெல்ட் கண்ணுக்கு முழுசா தெரியும், இழுத்தா கிழியும். டிராக்டருக்கு செயின்தான். பெல்ட்டை கேஜ் வீல், ரொட்டவேட்டருக்கு வச்சுக்கங்க.

திடீர் பிரேக்குல சுமையோட எடையில 80 சதவீத விசை முன்னுக்குத் தள்ளும், வளைவுல 50 சதவீதம் பக்கத்துக்குத் தள்ளும்னு வச்சுத்தான் கட்டணும். 2.85 டன் டிராக்டருக்கு முன்னோக்கி 2.3 டன். ஒரு டிராக்டருக்கு நாலு செயின், ஒவ்வொரு மூலையிலயும் ஒண்ணு, வெளிப்பக்கமா விரிஞ்சு, தரையோட 45 டிகிரிக்குள்ள. நேர் கீழ இழுத்துக் கட்டினா டயரைத்தான் அமுக்கும், முன்னுக்குப் போறதைப் பிடிக்காது.

செயின் மாட்டுற இடம்: பின்னாடி டிராபார் ஃபிரேம் இல்லைன்னா ஆக்சில் ஹவுசிங். அங்க பிரேக் ராடு ஓடும், அதுக்குமேல செயின் படாம பாருங்க. முன்னாடி ஆக்சில் பீமைத் தாங்குற பிராக்கெட். டை ராடுலயும் ஸ்டியரிங் சிலிண்டர்லயும் கொக்கி மாட்டவே கூடாது. ஃபோர் வீல் டிரைவ்ல முன் புரொபெல்லர் ஷாஃப்ட்டுக்கும் இதே. லாரி பக்கத்துல, பாடி ஓரத்துல தார்ப்பாய்க் கயிறு மாட்டுற கொக்கி இருக்கே, அதுல செயின் போடாதீங்க, நிமிர்ந்துடும். பாடி கட்டும்போதே 20 மி.மீ. உருளைக் கம்பியில வளையம் வளைச்சு, ஃப்ளோர் தகட்டுல இல்லாம கீழ இருக்கிற குறுக்குச் சேனல்ல வெல்டு பண்ணச் சொல்லுங்க. ஒரு பக்கத்துக்கு ஆறு வளையம்.

பின் டயர்ல உழவுக்கு 12, 14 பி.எஸ்.ஐ. காத்து வச்சிருப்பீங்க. அந்த அளவுல லாரிமேல டயர் துள்ளும், ஒவ்வொரு துள்ளலுக்கும் செயின் தளரும். டயர் பக்கச்சுவர்ல போட்டிருக்கிற உச்ச அளவைத் தாண்டாம 20 வரைக்கும் ஏத்திக்கங்க. இறக்கினதும் பழையபடி குறைக்கணும். ஹேண்ட் பிரேக், லோ கியர், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. இதெல்லாம் செயினுக்கு மேலதிகம், செயினுக்குப் பதில் இல்லை. 10, 15 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒரு தடவை இறுக்குங்க, அதுக்கப்புறம் டீ குடிக்க நிக்கிற இடத்துல எல்லாம் கையால தட்டிப் பாருங்க.

இன்னொண்ணு, 55 ஹெச்.பி. டர்போ என்ஜின்னா சைலன்ஸர் வாயை மூடிக் கட்டணும். லாரி ஓடுற வேகத்துல காத்து சைலன்ஸர் வழியா உள்ள போய் டர்போவைச் சுத்தும். என்ஜின் ஓடலைங்கறதால அந்த பேரிங்குக்கு ஆயில் போகாது. நூறு கிலோமீட்டருக்கு மேல அப்படிச் சுத்தினா பேரிங் தேயும். ஒரு தகர டப்பாவைக் கவுத்து கம்பியால இறுக்கினா போதும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எடுக்க நினைவு வச்சுக்கங்க. மேல் கூரை இருந்தா கழட்டிடுங்க. காத்துல பிய்யும், கிராமத்து மின்கம்பியிலயும் மாட்டும்.

சத்தி_லோடு

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேனுங்க. திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு. 5.2 மீட்டர் வீல்பேஸ் வண்டி திரும்பும், ஆனா நிறைய வளைவுல எதிர் வண்டியை நிறுத்தி முழு ரோட்டையும் எடுத்துக்கிட்டுத்தான் திரும்பும். மூணு மீட்டர் வால், தடுப்புச் சுவர் பக்கம் வீசும். ராம்ப்பை நிமிர்த்தி நிறுத்தியிருந்தா அதையும் சேர்த்துக் கணக்கு வைங்க. ராத்திரித் தடை இருக்குது, 16.2 டன் எடை வரம்பும் இருக்குது. உங்க 11 டன் அதுக்குள்ள அடங்கும்ங்க, ஆனா பகல்லதான் போகணும்.

சாம்ராஜ்நகர் வேலைதான் அதிகம்னா 7.49 டன் வண்டியே நல்லது. நடைக்கு ஒரு டிராக்டர் ரொட்டவேட்டரோட. வீல்பேஸ் குட்டை, மலையில சுகம். டிரைவர் கிடைக்கறதும் லேசு. 7,500 கிலோ வரைக்கும் எல்.எம்.வி. லைசென்ஸ் போதும்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வே சொல்லிடுச்சு. உங்க டிராக்டர் டிரைவர்கிட்ட கார் லைசென்ஸ் இருந்தா அவரே லாரியையும் ஓட்டலாம். 12 டன் வண்டிக்கு ஹெவி லைசென்ஸ் ஆள் தனியா வேணும், சும்மா நிக்கிற நாளுக்கும் சம்பளம் குடுக்கணும். டெல்டாவுக்கு வருஷத்துல ரெண்டு பருவந்தான். அந்த நாலு நடைக்கு ரெண்டாவது டிராக்டரை வாடகை வண்டியில ஏத்திவிட்டாலும் கணக்கு ஒத்துவரும்.

மலையில இறங்கறப்போ எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர், எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு. ரொட்டவேட்டரோட ஏத்தியிருந்தா ஹைட்ராலிக்ல தூக்கித் தொங்கவிட்டு ஓட்டாதீங்க. ஒவ்வொரு குழிக்கும் 450 கிலோ லிஃப்ட் ஆர்ம் மேலயும் சிலிண்டர் மேலயும் இடிக்கும். கீழ ரெண்டு கட்டை போட்டு அதுமேல இறக்கி உக்கார வைக்கணும். ரொட்டவேட்டர் மாட்டினபடி ரிவர்ஸ்ல ஏத்தறப்போ ராம்ப் அடியில பிளேடு இடிக்கும். அதனால ராம்ப் சாய்வு 15-க்குள்ள இருந்தே ஆகணும், இல்லைன்னா கழட்டித் தனியா ஏத்தோணும்.

எடைமேடை

மலை வேலை பாதிக்கு மேல் என்றால் சத்தி நண்பர் சொல்வதை ஏற்கிறேன். டெல்டா வேலை அதிகம் என்றால் 12 டன். ஆண்டில் எந்தப் பக்கம் எத்தனை நடை என்பதை ஒரு தாளில் எழுதினால் உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்ப்பதானால் காலி வண்டியை எடைமேடையில் ஏற்றி, ஆர்.சி.யில் இருக்கும் காலி எடையோடு ஒப்பிடுங்கள். முந்தைய உரிமையாளர் கனமான பாடி கட்டியிருந்தால் 700, 800 கிலோ வித்தியாசம் வரும். அது முழுவதும் உங்கள் சுமையில் கழியும். பின் பட்டையின் முன் பிராக்கெட், பின் ஷேக்கிள் பிராக்கெட் இரண்டுக்கும் பக்கத்தில் சேஸை டீசல் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் துரு கோடாகக் கசிந்திருக்கும். எஃப்.சி. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். அந்தச் செலவையும் விலையில் பேசிக்கொள்ளுங்கள். கர்நாடகா போவதால் நேஷனல் பெர்மிட் வேண்டும்.

இன்சூரன்ஸ்: லாரி பாலிசி மேலே இருக்கும் டிராக்டருக்குப் பொறுப்பேற்காது. ஆனால் டிராக்டருக்குச் சொந்தச் சேதமும் சேர்ந்த முழு பாலிசி இருந்தால், வேறொரு வண்டியில் சாலை வழியே கொண்டுபோகும்போது ஏற்படும் சேதமும் அந்தப் பாலிசியின் வழக்கமான வாசகத்திலேயே அடங்கும். தேர்டு பார்ட்டி மட்டும் போட்ட பழைய டிராக்டருக்கு அது கிடைக்காது. ரொட்டவேட்டர் தனிப் பொருள் என்பதால் பாலிசியில் எழுதியிருந்தால்தான் உண்டு. வண்டி வாங்குவதற்கு முன் இரண்டு டிராக்டர் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். டிராக்டரின் ஆர்.சி. நகல், பாலிசி நகல் லாரி கேபினில் இருக்கட்டும், செக்போஸ்டில் முதலில் கேட்பது அதைத்தான்.